பேர்ச் கடிக்கவில்லையா? தூண்டில் முள்ளைத் தூக்கிப் பாருங்கள்

சிம்கோ ஏரி உறைந்துவிட்டது என்ற செய்தி வந்ததும், ஸ்காபரோவிலும் மார்க்கம் (Markham) நகரிலும் இருக்கிற நம்மவர்களில் ஒரு கூட்டம் சனிக்கிழமை விடியுமுன்னே காரை வடக்கே திருப்பிவிடும். ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஓட வேண்டும். 722 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி அது. அதன் தெற்கு மூலையில் நீண்டு கிடக்கும் குக்ஸ் குடாவில், கில்ஃபோர்ட் பக்கமோ கெஸ்விக் பக்கமோ இறங்கி, ஐஸில் துளை போட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தால் மஞ்சள் பேர்ச் மீன் வர வேண்டும். வராத நாட்களில் என்ன பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

என்னுடைய முதல் இரண்டு குளிர்காலங்களும் வராத நாட்களாகவே போயின. ஒருநாள் மதியம் வரை ஒன்றும் அகப்படாமல், "இன்றைக்கு மீன் இல்லை" என்று சாமான்களைக் கட்டத் தொடங்கினேன். பக்கத்துக் கூடாரத்திலிருந்த ஒரு அண்ணை வெளியே வந்து, "தம்பி, மீன் இல்லையெண்டு சொல்லாதையும். முள்ளைத் தூக்கிப் பாரும்" என்றார். தூக்கினேன். இரை என்று நான் நம்பிக்கொண்டிருந்தது ஊறிப்போன பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தொங்கியது. தொட்டதும் கழன்று விழுந்தது. அவர் தன் சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தார். உப்பில் இறுகிய, ஷைனர் என்கிற சின்ன இரை மீன் ஒன்றை எடுத்து, நகம் வெட்டும் கத்தரியால் செவுளுக்குப் பின்னால் சரிவாக ஒரு வெட்டு. அந்தத் தலையை என் முள்ளில் மாட்டி, அதே துளையில் இறக்கினார். பொழுது சாய்வதற்குள் இருபத்துமூன்று பேர்ச் ஐஸில் கிடந்தன.

அன்றிலிருந்து எனக்கு ஒரு நம்பிக்கை. மீன் கீழே இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இருக்கிறது என்று தெரிந்த பிறகும் கடிக்கவில்லை என்றால், கோளாறு தங்கூசியின் (தூண்டில் நூலின்) கடைசி இரண்டு அங்குலத்தில் இருக்கிறது. கீழே 'குறி' என்று நான் சொல்லும் கோளாறு அடையாளங்களில் பல கடைசியில் அங்கேதான் போய் முடியும்.

அதற்கு முன் ஐஸைப் பற்றி ஒரு பத்தி. தெளிந்த, நீலம் பாய்ந்த ஐஸ் ஒருவர் நடக்கக் குறைந்தது 4 அங்குலம் வேண்டும் என்பார்கள். நான் 6 அங்குலம் இல்லாமல் இறங்குவதில்லை. பனி கலந்து உறைந்த வெள்ளை ஐஸுக்கு வலு பாதிதான், அதனால் தடிப்பு இருமடங்கு வேண்டும். ஹாலண்ட் ஆறு குடாவில் வந்து விழுகிற தெற்கு முனையில் நீரோட்டம் ஐஸை அடியிலிருந்து தின்றுகொண்டே இருக்கும். அங்கே தடிப்பு பத்தடிக்குப் பத்தடி மாறும். இரும்புக் கோலால் தட்டிக்கொண்டே நடங்கள். விழுந்தால் பிடித்து ஏறுவதற்கான ஐஸ் ஊசிகள் பையில் இருந்து பயனில்லை, கழுத்தில் தொங்க வேண்டும். மூடிய கூடாரத்துக்குள் ஹீட்டர் எரிந்தால் காற்றுத் துவாரம் திறந்தே இருக்க வேண்டும். கார்பன் மொனாக்சைடுக்கு மணம் கிடையாது.

சரி, இனி குறிகள்.

குறி 1: அரை மணி நேரமாக ஒரு தட்டுக்கூட இல்லை

இது இடக் கோளாறு. இரையில் கை வைக்காதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

பேர்ச் கூட்டமாகத் திரியும் மீன். ஒரு துளையின் கீழே நூறு மீன் நிற்கும், முப்பதடி தள்ளி ஒன்றும் இராது. காலையில் போனவுடன் ஒரே துளையைப் போட்டு அதன் மேல் வீடு கட்டுவதுதான் பலர் செய்கிற தவறு. ஆழம் குறைந்த பக்கமிருந்து ஆழமான பக்கம் நோக்கி ஏழெட்டுத் துளைகளை முதலிலேயே போட்டுவிடுங்கள். துளையிடும் சத்தமெல்லாம் ஒரே தடவையில் முடிந்துவிடும். பிறகு துளைக்குப் பத்து நிமிடம். மீன்காட்டும் கருவி இருந்தால் இரண்டு நிமிடமே போதும்.

பருவத்தின் தொடக்கத்தில் குக்ஸ் குடாவில் 10 முதல் 20 அடி ஆழத்தில், பாசி முடிகிற ஓரத்தைத் தேடுங்கள். முள்ளில் சிக்கி வருகிற பாசியைப் பாருங்கள்: பச்சையாக இருந்தால் அது உயிரோடு ஒட்சிசன் விட்டுக்கொண்டிருக்கிறது, அங்கே சின்னப் பூச்சி உண்டு, பூச்சிக்காக மீனும் உண்டு. பழுப்பாகி நாறினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நடுக் குளிர்காலத்தில் கூட்டம் ஆழமான சேற்றுத் தரைக்கு இறங்கிவிடும். ஐஸை ஒட்டிய தண்ணீர் 0 பாகை செல்சியஸில் இருக்க, அடித்தண்ணீர் 4 பாகையை நெருங்கியிருக்கும்; தண்ணீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 பாகையில் என்பதால் அது கீழே படிந்துகொள்கிறது. பேர்ச்சும் பெரும்பாலும் அடியிலிருந்து ஒன்றிரண்டு அடிக்குள் நிற்கும். ஆகவே முதலில் ஈயத்தைத் தரையில் தட்டவிட்டு, அங்கிருந்து ஒரு சாண் உயர்த்துங்கள். தரை எது என்று தெரியாமல் நடுத்தண்ணீரில் இரை ஆட்டியே நாளைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நேரமும் உண்டு. பேர்ச் கண்ணால் பார்த்துத் தின்னும் மீன். இருட்டினால் தரையில் படுத்துவிடும். விடிந்த முதல் இரண்டு மணி நேரமும், பிற்பகல் மூன்று மணிக்கு மேலும் பொன்னான நேரம். இரவில் விளக்கு வைத்துக்கொண்டு பேர்ச்சுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

குறி 2: மீன் வருகிறது, பார்க்கிறது, திரும்பிவிடுகிறது

மீன்காட்டும் கருவியில் ஒரு கோடு மேலே எழும்பி, உங்கள் இரையின் கோட்டோடு சேர்ந்து, நின்று, மெல்ல இறங்கும். ஆழம் குறைவான இடமென்றால், கூடாரத்தை இருட்டாக்கித் துளைக்குள் எட்டிப் பார்த்தாலே தெரியும். தண்ணீரை வடிகட்டும் வரிச் சிப்பிகள் சிம்கோவில் பரவிய பிறகு தண்ணீர் அவ்வளவு தெளிவு. அந்தத் தெளிவுதான் இங்கே உங்களுக்கு எதிரி. மீனுக்கும் எல்லாம் தெரிகிறது.

நான் பார்க்கிற முதல் இடம் தங்கூசி முறுக்கு. சாதாரண ரீலில் நூல் சுற்றும்போதும் விடும்போதும் முறுக்கேறும். கீழே போனதும் அந்த முறுக்கு அவிழ்வதற்காக, இரை நீங்கள் ஆட்டாமலே பம்பரம் போல மெல்லச் சுற்றும். எந்தப் பூச்சியும் தண்ணீருக்குள் அப்படிச் சுற்றுவதில்லை. துளையின் வாயில் ஓரடி ஆழத்தில் இரையைப் பிடித்துப் பாருங்கள். சுற்றினால், கையால் நிறுத்தி, முறுக்கு அடங்கும் வரை தொங்கவிடுங்கள். குளிரில் நூல் சுருள் சுருளாக விறைத்திருந்தால், இரண்டு கைகளுக்கு நடுவே பிடித்து முழம் முழமாக இழுத்து நீட்டுங்கள். 2 இறாத்தல், மிஞ்சினால் 4 இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி போதும். இந்த ஊர்ப் பேர்ச்சுக்கு 8 இறாத்தல் நூல் கயிறு மாதிரி.

அடுத்தது முடிச்சு. கிடையாக நிற்க வேண்டிய சின்ன டங்ஸ்டன் ஜிக் (தலையில் பாரம் வைத்த முள்), முடிச்சு முன்னே சரிந்துவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முடிச்சை நகத்தால் தள்ளி, ஜிக் கிடையாக வரும்படி சரிசெய்யுங்கள். இரண்டு விநாடி வேலை.

மூன்றாவது கை. மீனைக் கூப்பிடுவதற்கு ஆட்டலாம். வந்த பிறகு ஆட்டக்கூடாது. கோடு எழும்பினால் கையை நடுங்க மட்டும் விடுங்கள், நாடி துடிக்கிற அளவு. அப்படியும் தயங்கினால் மெல்ல ஓரடி மேலே தூக்குங்கள். தப்பி ஓடுகிற ஒன்றை மீன் துரத்தும், தலைக்கு மேல் நின்று ஆடுகிற ஒன்றைச் சந்தேகப்படும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் திரும்பிப் போனால் இரை பெரிது. பாதியாக வெட்டுங்கள்.

குறி 3: டொக் டொக் என்று தட்டுகிறது, இழுத்தால் வெறும் முள்

அதிகம் பேர் என்னிடம் கேட்கிற குறி இதுதான். மீன் இருக்கிறது, பசியும் இருக்கிறது, இரையும் போகிறது, மீன் மட்டும் வரவில்லை. இரையை வெட்டுவதிலும் மாட்டுவதிலும் பிழை.

பேர்ச் இரையைக் கவ்விப் பிடிப்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும், பிடிக்காவிட்டால் அதே வேகத்தில் துப்பும். இரை நீளமாகத் தொங்கினால் வால் மட்டும் வாய்க்குள் போகும், முள் வெளியே நிற்கும். ஆகவே வெட்டு இப்படி இருக்கட்டும்.

தலை: இரண்டு அங்குல ஷைனரில் செவுள் மூடிக்குச் சற்றுப் பின்னால், மேலிருந்து கீழ்நோக்கிச் சரிவாக வெட்டுங்கள். முள்ளைத் தாடையின் கீழிருந்து ஏற்றி, இரண்டு கண்களுக்கும் நடுவே மண்டை வழியாக வெளியே எடுங்கள். அங்கே எலும்பு இருப்பதால் நாலைந்து மீன் வரை ஒரே தலை தாங்கும். வெட்டு வாயிலிருந்து மணமும் சாறும் கசிந்துகொண்டே இருக்கும். சின்ன ஸ்பூனின் (கரண்டி வடிவ உலோகப் போலி இரையின்) முள்ளுக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

தோல் நாடா: தலையை எடுத்த உடலில் முள்ளந்தண்டை விட்டுப் பக்கச் சதையைத் தோலோடு சீவுங்கள். பிறகு அதைத் தோல் கீழே, சதை மேலே இருக்கும்படி பலகையில் வைத்து, நீளவாக்கில் தீக்குச்சியைவிடச் சற்று அகலமாக, சின்னவிரல் நகத்தின் நீளத்துக்கு நாடாக்கள். தோல் மேலே இருந்தால் கத்தி வழுக்கும், சதை நசுங்கும். நாடாவின் ஒரு நுனியில், சதையிலிருந்து தோல் பக்கமாக ஒரே ஒரு குத்து. இரண்டு தடவை குத்தி மடித்தால் அது உருண்டையாகி, ஜிக்கோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். குறி 2க்குத் திரும்பிவிடுவீர்கள். தாங்குவது தோல்தான், சதை மணத்துக்கு. தோல் இல்லாத துண்டை மாட்டுவது வீண்.

எதை மாட்டினாலும் முள்ளின் கூர் வெளியே தெரிய வேண்டும். அதை நகத்தில் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள்: பிடித்தால் கூர், வழுக்கினால் தீட்டுங்கள் அல்லது மாற்றுங்கள்.

இன்னொன்று, தட்டு கையில் தெரிகிற நேரத்தில் பாதி மீன் துப்பிவிட்டிருக்கும். தூண்டில் நுனியில் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றை மாட்டிக்கொண்டால் தட்டுக்கு முன்பே அது அசையும். அது கீழே வளைந்தால் மட்டுமல்ல, தொங்கிக்கொண்டிருந்தது சட்டென்று நிமிர்ந்தாலும் தூக்குங்கள். மீன் இரையை வாயில் வைத்துக்கொண்டு மேலே எழும்பியிருக்கிறது, அதனால்தான் பாரம் குறைந்தது. மணிக்கட்டால் ஒரு சின்னச் சுண்டு போதும்.

குறி 4: இரை பஞ்சாகிறது, கழன்று விழுகிறது

எனக்கு அன்று நடந்தது இதுதான். கடையில் வாங்கிய மீனை அப்படியே ப்ரீசரில் போட்டு, பிறகு இளகவைத்து மாட்டினால் இப்படித்தான் ஆகும். உறையும்போது சதைக்குள் இருக்கும் தண்ணீர் பளிங்கு பளிங்காகிக் கலங்களைக் கிழித்துவிடுகிறது. இளகியதும் தண்ணீர் வெளியே ஓட, மிச்சம் கூழ்.

அதற்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. கருவாடு போட்ட ஊர்க்காரருக்கு உப்பு என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரை இழுத்துச் சதையை இறுக்கும். ஒரே வித்தியாசம், இங்கே கருவாட்டுக்குப் பாதி வழியில் நிறுத்திவிட வேண்டும். வளைத்தால் வளையவும் வேண்டும், முள்ளைக் குத்தினால் பிடிக்கவும் வேண்டும்.

ஷைனர்களை வடித்து, கடதாசித் துவாலையில் ஒற்றி ஈரத்தை எடுங்கள். தேய்க்காதீர்கள்; வெள்ளி போல மினுங்கும் செதில் உதிர்ந்தால் பாதிக் கவர்ச்சி போய்விடும். தட்டையான டப்பாவில் அயடின் சேர்க்காத கல்லுப்பை ஒரு படுக்கையாகப் பரப்பி, அதன் மேல் மீன்களை ஒன்றையொன்று தொடாமல் ஒரே வரிசையாக அடுக்கி, மறுபடி உப்பால் மூடுங்கள். மூடி போட்டு பிரிட்ஜில் ஓர் இரவு. காலையில் அடியில் உப்புத்தண்ணீர் நிற்கும். அதை ஊற்றிவிட்டுப் புது உப்பு போட்டு இன்னும் அரை நாள். இப்போது ஒரு மீனின் வாலைப் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். ஈரத் துணி மாதிரித் தொங்கினால் இன்னும் வேண்டும். குச்சி மாதிரி நின்றால் கூடிவிட்டது. சற்றே வளைந்து நின்றால் சரி. சிறிய பைகளில் ஒரு பயணத்துக்கு வேண்டிய அளவு போட்டு ப்ரீசரில் வையுங்கள். கூடிப்போனதையும் எறிய வேண்டாம். ஏரியில் இரண்டு மூடி தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டால் இளகிவிடும்.

உப்பிட்டதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. பச்சை மீன் ஐஸ் மேல் வைத்தால் கல்லாகிவிடும், முள் இறங்காது. உப்பு ஏறிய சதை சுலபத்தில் உறையாது. அப்படியும் டப்பாவை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த அண்ணை வைத்திருந்த மாதிரி.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்ராறியோவில் எந்த மீனையும் பிடித்து இரையாக வெட்டிவிட முடியாது. இரை மீனாக அனுமதிக்கப்பட்ட இனங்களுக்குப் பட்டியல் உண்டு; கோபி போன்ற வந்தேறி மீன்களுக்கு அதில் இடமில்லை. இரை மீன் உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும், வாங்கிய வலயத்துக்குள்ளேயே (இரைக்கென்று மாகாணம் பிரித்து வைத்த பகுதிக்குள்ளேயே) பயன்படுத்த வேண்டும். நோயும் வந்தேறி உயிர்களும் ஏரிக்கு ஏரி தாவுவதைத் தடுக்கத்தான் இந்த விதி. உரிமம் உள்ள கடையில் வாங்கி ரசீதைக் கையில் வைத்திருங்கள். அந்த ரசீதுக்குக் கெடுவும் உண்டு. எவ்வளவு நாள் என்று கடையிலேயே கேட்டு, அதற்குள் முடிகிற அளவு மட்டும் உப்பிடுங்கள். பிடித்த பேர்ச்சின் கண்ணை எடுத்து மாட்டுவது வட அமெரிக்காவில் சில இடங்களில் பழைய வழக்கம். நான் செய்வதில்லை. கடை ஷைனர் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை. மிஞ்சிய இரையையும் வாளித் தண்ணீரையும் ஏரியிலோ கரையிலிருந்து 30 மீட்டருக்குள்ளோ கொட்டக்கூடாது. குப்பையாக வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். இந்த ஏரி நமக்குத் தருவதை எண்ணினால் இது பெரிய வேலை இல்லை.

குறி 5: பொடி மீனாகவே வருகிறது

பேர்ச் கூட்டங்கள் அநேகமாக ஒரே அளவு மீன்களாகச் சேரும். விரல் நீளத்தில் நாலு வந்தால் ஐந்தாவதும் அதேதான். முதலில் தலை இரையை மாட்டிப் பாருங்கள், பொடிசுகளின் வாய்க்கு அது பெரிது. பிறகும் மாறாவிட்டால் இன்னும் ஆழத்துக்கு நகருங்கள். பொடிசைத் திருப்பி விடும்போது ஈரக் கையால் பிடியுங்கள். 30 அடிக்கு மேல் ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கிய பேர்ச்சின் காற்றுப்பை ஊதி, வயிறு வாய்வழியே தள்ளிவரும். விட்டாலும் பிழைப்பது சந்தேகம். அவ்வளவு ஆழத்தில் பொடிசு மட்டுமே வந்தால் அந்த இடத்தில் தொடர்ந்து பிடிக்காதீர்கள்.

குறி 6: நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றுவிட்டது

ஐந்து நிமிடம் பொறுங்கள். பேர்ச்சைத் தின்னும் பைக் (pike) போன்ற ஒரு பெரிய மீன் கீழே கடந்திருக்கலாம்; அது போனதும் கூட்டம் திரும்பும். அப்போதும் இல்லை என்றால் கூட்டம் நகர்ந்துவிட்டது. முதலில் போட்ட ஏழெட்டுத் துளைகள் இப்போதுதான் உதவும். பக்கத்துத் துளைகளில் வட்டமாகத் தேடுங்கள். எழும்புவதற்கு முன் முள்ளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பத்து மீன் கடித்த இரையில் தோல் மட்டும் மிஞ்சியிருக்கும், சாறு இராது. புதிய துண்டு மாட்டியதும் அதே துளை மறுபடி உயிர் பெற்றதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

குறி 7: துளை வரை வந்து கழன்றுவிடுகிறது

துளையின் அடி விளிம்பில் தங்கூசி உரசுகிறது. மீன் நெருங்கும்போது தூண்டிலைத் துளைக்கு நடுவே கொண்டுவந்து, நூலைத் தளரவிடாமல் ஒரே சீராக ஏற்றுங்கள். தலை தெரிந்ததும் மற்றக் கையால் வாரி எடுங்கள். முதுகுத் துடுப்பு முட்களும் செவுள் மூடியின் கூர்முனையும் கையைக் கிழிக்கும்; தலைப் பக்கமிருந்து வாலை நோக்கித் தடவிப் பிடித்தால் முட்கள் படுத்துவிடும். தூண்டில் வளையங்களில் ஐஸ் பிடித்து நூல் சிக்கினாலும் இதே கதைதான். வளையத்தை விரலால் சூடாக்கி எடுங்கள், உடைக்க வேண்டாம்.

பிடித்ததை ஐஸில் பரப்பிவிட்டால் கல்லாக உறைந்துபோகும், வீட்டில் இளகவைத்து வெட்டப் பெரும் பாடு. பனி நிரப்பிய வாளியில் போட்டு, அன்றிரவே தோலோடு சதையை எடுத்துவிடுங்கள். பேர்ச் சதை வெள்ளையாக, இறுக்கமாக, சேற்று மணம் இல்லாமல் இருக்கும். மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. கால் மணி நேரம் ஊறினால் போதும். பொரிக்கும்போது தோல் பக்கம் முதலில்.